விதைக்கு விட்ட செடி

சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் செல்பவனுக்குப் பேரேட்டின் பக்கங்கள் சில வேளைகளில் மனிதரைவிட மிகுதியாகப் பேசும். சென்ற ஆண்டு மலைச்சரிவில் உள்ள சிறு சங்கம் ஒன்றின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பற்று இனம் ஆண்டு தவறாமல் வந்திருப்பது என் கண்ணிற் பட்டது. 'பூ விதை வாங்கிய வகையில்' என்று காரியதரிசி எழுதியிருந்தார். தொகை பெரிதன்று, ஆயினும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வந்திருந்தது.

விசாரித்ததில் செய்தி விளங்கிற்று. மலைத்தோட்டங்களில் 'சுவீட் பீ' என்று வழங்கும் மணப்பட்டாணிப் பூவின் விதை அது. அங்கத்தினர் பத்துப் பேர் தங்கள் காய்கறிப் பாத்திகளின் ஓரத்தில் கொம்பு நட்டு அக்கொடியைப் படர விட்டிருந்தனர். கோடையில் மக்கள் மலையேறி வரும் நாட்களில் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் பூவைக் கட்டுக் கட்டாகக் கொடுத்துச் சிறிது காசு பார்த்து வந்தனர். அவ்வாண்டோ அவர்களுக்குப் பெருங்குறை. வாங்கிய விதையிற் பாதி முளைக்கவில்லை. முளைத்தவை பெரிய பூவாகத்தான் பூத்தன. ஆனால் மணம் இல்லை. பொட்டலத்தின் மேல் 'நறுமணம் மிக்கது' என்று அச்சிட்டிருந்தது. விற்றவர் யார் என்பது இக்கட்டுரைக்கு வேண்டாத செய்தி. மணத்தை நாடி வாங்கி வந்தவர்கள் ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தனர் என்பதே வேண்டிய செய்தி.

"ஆண்டுதோறும் ஏன் விதை வாங்குகிறீர்கள்? உங்கள் கொடியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாகாதா, பெரியவரே?" என்று அங்கத்தினருள் மூத்தவரைக் கேட்டேன்.

"எடுத்துத்தான் பார்த்தோம், ஐயா. விதைக்கு விட்டால் பூ நின்றுவிடுகிறது. பூ நின்றால் எதைக் கொண்டுபோய் விற்பது? ஆகவே நல்ல கொடியில் எல்லாம் பூவைப் பறித்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய நோஞ்சான் கொடியில் விதை எடுத்தோம். மூன்று ஆண்டில் பூவும் நோஞ்சானாகிவிட்டது" என்றார் அவர்.

அந்தப் பெரியவர் சொன்ன சில வாக்கியங்களில் ஒரு கூட்டுறவுப் பிரச்சினை முழுமையாக அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதனை நம் அங்கத்தினர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இம்மலரின் வரலாற்றைச் சிறிது காண்போம். இத்தாலிக்குத் தெற்கே உள்ள சிசிலித் தீவும் அதனை அடுத்த பகுதியுமே இதன் தாயகம். அங்கிருந்த குப்பானி என்னும் துறவி இதனை ஆராய்ந்து எழுதினார். 1699ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் என்ஃபீல்டு என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த உவடேல் என்பவருக்கு அவர் விதை அனுப்பினார் என்பது வரலாறு. அன்று வந்த பூ சிறியது. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இரு நிறத்தது. ஆனால் ஒரு கொடி பூத்தால் தோட்டம் முழுவதும் மணக்கும். இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த 'பெயின்டட் லேடி' என்னும் வகை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றிற்று. அப்பெயருடைய மணப்பூவை இன்றும் மக்கள் பயிரிட்டு வருகின்றனர். ஆண்டுதோறும் விதைத்து, ஆண்டுதோறும் விதை எடுத்தாலன்றி ஒரு வகை இத்தனை காலம் நிலைக்க இயலாது. ஏனெனில் மணப்பட்டாணி ஓராண்டுப் பயிர். ஒரு தலைமுறை சோம்பியிருந்தாலும் அது மறைந்திருக்கும்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் இம்மலர் அடக்கமாகவே இருந்தது. ஸ்காத்லாந்தைச் சேர்ந்த தோட்டக்காரர் ஹென்றி எக்ஃபோர்டு 1870ஆம் ஆண்டளவில் இதனை எடுத்து ஒட்டுச்சேர்க்கை செய்யத் தொடங்கிய பின்னரே புது நிறங்களும் பெரிய இதழ்களும் தோன்றின. பின்னர் அவர் இங்கிலாந்தின் வெம் என்னும் சிற்றூரில் குடியேறித் தம் பணியைத் தொடர்ந்தார். இம்மலர் இங்கிலாந்துக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதைக் கொண்டாடிய 1900ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 264 வகைகளுள் 115 வகைகள் அவர் ஒருவர் உண்டாக்கியவை. அவர் உண்டாக்கிய பூக்கள் பெரியனவாயினும் மணத்தைக் கைவிடவில்லை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறிற்று. ஸ்பென்சர் பிரபுவின் ஆல்தார்ப் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த சைலஸ் கோல் என்பவர், 1901ஆம் ஆண்டில் இதழ்கள் அலை அலையாக நெளிந்த ஒரு புதுப் பூவைக் காட்சிக்கு வைத்தார். 'கவுன்டஸ் ஸ்பென்சர்' என்று அதற்குப் பெயரிட்டார். கண்டோர் மயங்கினர். அது முதல் பெரிது, நெளிவு, நீண்ட காம்பு ஆகிய இவற்றையே பரிசுக்குரிய குணங்களாகக் கொண்டனர். 1911ஆம் ஆண்டில் லண்டன் நாளிதழ் ஒன்று சிறந்த மணப்பட்டாணிப் பூங்கொத்துக்கு ஆயிரம் பவுன் பரிசு அறிவித்தது. பல்லாயிரம் கொத்துகள் வந்து குவிந்தன. முதற்பரிசு ஸ்காத்லாந்தின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த பாதிரியாரின் மனைவிக்குக் கிடைத்தது. அந்நாட்களில் இம்மலர் பெற்றிருந்த செல்வாக்குக்கு இது ஒன்றே சான்று.

இந்த ஓட்டத்தில் மணம் பின்தங்கிற்று. நெளியிதழ் வகைகள் அனைத்தும் மணமற்றவை என்று சொல்வது அநியாயம். அவற்றுள் நல்ல மணமுடையவை பல உண்டு. ஆனால் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுக்கும் இடத்தில், மூக்கிற்கு உரியது கவனிப்பாரற்றுத் தேய்வது இயல்பு. எக்குணத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அக்குணமே விதையில் நிலைக்கும். எதனைத் தேர்ந்தெடுக்கவில்லையோ அது தானாக நிலைக்கும் என்று நம்புவதற்கு யாதொரு ஆதாரமும் இல்லை.

நெசவாளர்களாகிய அங்கத்தினர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை. கடையில் விரித்துக் காட்டும்போது பளபளக்கும் சேலையின் சாயம் முதல் வெளுப்பிலேயே போய்விட்டால் அதனை நல்ல சரக்கு என்று எவரும் சொல்லார். பாவு நூல் மட்டம் என்பது தறியில் ஏறிய பிறகே தெரியும். சாயம் மட்டம் என்பது நனைத்த பிறகே தெரியும். விதையின் குணமோ மூன்று நான்கு மாதம் உழைத்துப் பூ மலர்ந்த பிறகே தெரிகிறது. அதற்குள் பருவம் போய்விடுகிறது. நூலைத் திருப்பி அனுப்பலாம். பருவத்தை யாரிடம் திருப்பி அனுப்புவது?

விதைக்குள் மறைந்திருப்பது எத்தனை ஆழமானது என்பதற்கு இம்மலரே ஓர் அற்புதமான சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேட்சன், சாண்டர்ஸ் அம்மையார், பன்னெட் என்னும் அறிஞர்கள் இரண்டு வெள்ளைப் பூ வகைகளை ஒன்றோடொன்று சேர்த்தனர். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் வெள்ளைதானே பிறக்க வேண்டும்? பிறந்ததோ ஊதா! அதன் விதையை மீண்டும் விதைத்தபோது பதினாறுக்கு ஒன்பது என்னும் விகிதத்தில் நிறப்பூவும் ஏழு என்னும் விகிதத்தில் வெள்ளைப்பூவும் தோன்றின. நிறத்திற்கு வேண்டிய இரண்டு கூறுகளில் ஒன்று ஒரு வெள்ளையிலும், மற்றொன்று மறு வெள்ளையிலும் ஒளிந்திருந்தன என்பது இதனால் வெளிப்பட்டது. வெளித்தோற்றத்தைக் கண்டு விதையை எடைபோடலாகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வாணிபத்திலும் இப்பாடத்தை அந்நாட்டார் கற்றனர். நெளியிதழ்ப் பூவான 'கவுன்டஸ் ஸ்பென்சர்' 1904ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தபோது, ஆவலோடு வாங்கி விதைத்தவர்களின் தோட்டத்தில் பல நிறங்கள் கலந்து பூத்தன. இனம் இன்னும் நிலைபெறவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ஹிஸ்டன் என்னும் ஊரைச் சேர்ந்த அன்வின் என்பவரும் ஒரு நெளியிதழ்ப் பூவைக் கண்டெடுத்து, 'கிளாடிஸ் அன்வின்' என்று பெயரிட்டு வழங்கினார். அதன் நெளிவு சற்றுக் குறைவு; ஆனால் விதைத்தது விதைத்தபடியே பூத்தது. சற்றுக் குறைந்த அழகோடு சொன்ன சொல் தவறாத விதையால் அவர் பெயர் நிலைத்தது. நம் நாட்டில் முதன்முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1904ஆம் ஆண்டில்தான் என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருத்தம். சொன்ன சொல் தவறாமையே நம் இயக்கத்தின் மூலதனம்.

இனி, அந்தப் பெரியவரின் சங்கடத்திற்கு வருவோம்.

மணப்பட்டாணி ஒரு வகையில் நமக்குப் பேருதவி செய்கிறது. இதன் பூ மொக்காக இருக்கும்போதே உள்ளே மகரந்தம் சிந்திக் கருவுற்றுவிடும். வண்டு வந்து கலப்புச் செய்வது அரிது. ஆகவே பல வகைகளை அருகருகே வளர்த்தாலும் பெரும்பாலும் இனம் கெடுவதில்லை. முட்டைக்கோசு, முள்ளங்கி முதலியவற்றிற்கு வேண்டியபடி வெகு தூரம் விலக்கிப் பயிரிட வேண்டுவதில்லை. அரைச் சென்டு நிலம் உள்ளவரும் தூய விதை எடுக்கலாம். இயற்கை இவ்வளவு வசதி செய்து கொடுத்திருந்தும் நாம் ஆண்டுதோறும் கடையை நாடி ஓடுவதற்குக் காரணம் ஒன்றே: விதைக்கு விடும் கொடியின் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதை நாம் முடிவு செய்யவில்லை.

இக்கொடியின் இயல்பு இது. பூவைப் பறிக்கப் பறிக்கப் பூத்துக்கொண்டே இருக்கும். காய் பிடித்து முற்றத் தொடங்கினால், தன் கடமை முடிந்தது என்பது போலப் பூப்பதை நிறுத்திவிடும். எனவே ஒரே கொடி சந்தைக்கும் விதைக்கும் ஒருங்கே உதவாது. தனி மனிதன் என்ன செய்வான்? இன்றைய செலவுக்காக நல்ல கொடியின் பூவைப் பறிப்பான். சந்தை முடிந்த பிறகு, எஞ்சியதை விதைக்கு விடுவான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் இவ்வாறு ஆண்டுதோறும் சிறந்ததை விற்று, கடையானதை விதையாக்கினால், நாமே நம் இனத்தைக் கீழ்நோக்கித் தேர்ந்தெடுப்பவர்களாகிறோம். பெரியவர் மூன்றே ஆண்டில் அதனைக் கண்ணாரக் கண்டார்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பத்து அங்கத்தினர், ஆளுக்கு நாற்பது கொடி, மொத்தம் நானூறு. இவற்றுள் மிகச் சிறந்த பன்னிரண்டு கொடிகளை விதைக்கு ஒதுக்குவதாகக் கொள்வோம். கொடிக்கு இருபது காய், காய்க்கு ஆறு விதை என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 1,440 விதைகள் கிடைக்கும். அடுத்த ஆண்டுக்கு நானூறு கொடி வேண்டும். முளைக்காதவை, எலி தின்பவை ஆகியவற்றுக்குச் சேர்த்து அறுநூறு விதை போதும். எஞ்சுவது ஓராண்டுத் தேவைக்கும் மேலான இருப்பு. இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? நானூறில் பன்னிரண்டு, அதாவது நூற்றுக்கு மூன்று கொடியின் பூ. பத்துப் பேரும் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு கொடியும் அதற்குச் சற்று மேலும்தான். அந்தப் பன்னிரண்டும் ஒருவர் தோட்டத்தில் அமைந்து, அவரே நஷ்டத்தைத் தாங்க வேண்டுமாயின், அவருடைய நாற்பதில் பன்னிரண்டு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வருமானம் போயிற்று. ஒருவருக்குத் தாங்கொணாச் சுமை பத்துப் பேருக்குப் பொருட்டன்று. கூட்டுறவு என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆகவே என் யோசனை இதுதான். பூ விதையை இனி வாங்கும் இனமாக வைக்காமல், சங்கம் தானே காக்கும் இனமாக மாற்ற வேண்டும். பஞ்சாயத்தார் ஆண்டுதோறும் மூவர் கொண்ட சிறு குழுவை நியமிக்கட்டும். முதற்பூ மலர்ந்த வாரத்தில் அவர்கள் எல்லாத் தோட்டங்களையும் சுற்றி வரட்டும். வகைக்கு மாறுபட்ட கொடியை அப்பொழுதே விதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். எஞ்சியவற்றை மூக்கால் சோதிக்க வேண்டும். இளங்காலையில், வெயில் ஏறுமுன் முகர்ந்து பார்த்தல் நன்று. நாலைந்து பூ முகர்ந்தவுடன் மூக்குச் சலித்துவிடும். ஆதலால் ஒருவர் மாற்றி ஒருவர் பார்க்க வேண்டும். கொடி யாருடையது என்பதை முகர்பவர் அறியாதிருத்தல் உத்தமம். தேர்ந்த கொடிக்கு ஒரு வண்ண நூலைக் கட்டிவிட வேண்டும். நூல் கட்டிய கொடியில் எவரும் பூப் பறிக்கலாகாது. அக்கொடிக்குரிய பூவின் கிரயத்தைச் சங்கம் அன்றைய விலைப்படி உடையவருக்குக் கொடுத்து, விதைக் கணக்கில் பற்று எழுத வேண்டும். கொடி நிற்பது அவர் நிலத்தில்; அதன் விதையோ எல்லாருக்கும் உரியது.

விதை வந்ததும் அதிற் பாதியை அவ்வாண்டு விநியோகிக்க வேண்டும். மற்றப் பாதியை இருப்பாக வைக்க வேண்டும். ஈரமும் வெப்பமும் தாக்காமல் வைத்தால் மணப்பட்டாணி விதை சில ஆண்டுகள் முளைக்கும் திறனை இழப்பதில்லை. ஓராண்டு ஆலங்கட்டி மழையிலோ பூசண நோயிலோ பயிர் போனாலும் இனம் போகாது. இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்குமாறு சட்டம் நம்மை வற்புறுத்துகிறது. விதைக்கும் ஒரு சேமநிதி வேண்டும் என்கிறேன்.

இனி விதைப்பு முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இது குளிர்ச்சியை விரும்பும் பயிர். வட இந்தியச் சமவெளிகளில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் பூப்பார்கள். நம் மலைகளில், விதைத்து மூன்று நான்கு மாதத்தில் பூ வரும் என்பதைக் கணக்கிட்டு, அடைமழையிலும் கடும் உறைபனியிலும் பூக்காலம் அகப்படாதவாறு அந்தந்தச் சரிவுக்கு ஏற்ப நாள் குறிக்க வேண்டும். விதைத்த நாள், முளைத்த நாள், பூத்த நாள் ஆகிய மூன்றையும் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வந்தால், சில ஆண்டுகளில் அவ்வூருக்கென்றே ஒரு பஞ்சாங்கம் உண்டாகிவிடும்.

விதையின் தோல் கடினமானது. இரவு முழுவதும் நீரில் ஊற வைத்துப் பார்க்கலாம். பருக்காத விதையை மட்டும் எடுத்து, கண்ணுக்கு எதிர்ப்புறத்தில் கூரிய கத்தியால் தோலைச் சிறிதே கீறிவிட வேண்டும், கண்ணைக் காயப்படுத்தலாகாது. வெளிர்நிற விதைகள் தோல் மெல்லியவை. ஊற வைத்தால் அழுகும். அவற்றை அப்படியே விதைத்தல் நலம். இச்செடியின் வேர் ஆழமாக ஓடும். பின்னர்ப் பெயர்த்து நடும்போது வேர் அறுந்தால் செடி வருந்தும். ஆகவே பழைய நாளிதழைச் சுருட்டி ஆழமான குழல்களாகச் செய்து, மண்ணிட்டு, ஓர் அங்குல ஆழத்தில் விதைத்துக் குழலோடு நடலாம். எலிக்கு இவ்விதையின் மேல் ஆசை அதிகம். நாற்றை உயரத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று இணை இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வலுவாக எழும்.

நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. இப்பயிருக்கு அது ஒவ்வாது. மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவு சுண்ணாம்பு இட வேண்டும். ஆழக் குழி வெட்டி மட்கிய தொழுவுரம் இடுக. ஆனால் தழைச்சத்து உரத்தை வாரி இறைத்தால் இலையே தழைக்கும், மொக்கு உதிரும். பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் இது தானே தேடிக்கொள்ளும். பருவம் முடிந்ததும் கொடியைப் பிடுங்காமல், தரைமட்டத்தில் அறுத்து வேரை மண்ணிலேயே விட்டால் அடுத்த பயிருக்கு உரமாகும்.

விதைக்கு விட்ட கொடியில் காய் பழுப்பு நிறமாகிச் சலசலக்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் காய் முறுக்கி வெடித்து விதையைச் சிதறிவிடும். நிழலில் உலர்த்துக. நோய்ப்பட்ட கொடியிலிருந்து விதை எடுக்கலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். பெயரில் பட்டாணி என்றிருப்பினும் இவ்விதை உண்ணத் தக்கதன்று, நஞ்சுடையது. பல மாநிலங்களில் வறிய மக்களின் கால்களை முடக்கி, 1961ஆம் ஆண்டில் விற்பனைத் தடைக்கு உள்ளான கேசரிப் பருப்பு இதன் நெருங்கிய உறவு. எனவே உணவுத் தானியம் வைக்கும் கிட்டங்கியில் இதனை வைக்கலாகாது. சீட்டு எழுதி ஒட்டி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

நெசவாளர் அங்கத்தினர்கள், 'மலைமேல் பூக்கும் பூவுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. ஸ்காத்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து மஸ்லின் நெசவாளர்கள் ஒரு காலத்தில் பூ வளர்ப்பில் புகழ்பெற்றிருந்தனர். கார்னேஷன் இனத்தைச் சேர்ந்த சிறு பூவை விதையிலிருந்து வளர்த்து, சேலைக்குக் கரை கட்டினாற்போல் இதழின் ஓரத்தில் நிறக்கரை அமைந்த வகைகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினர். தறியில் பழகிய கண் பூவிலும் நுணுக்கம் கண்டது. பின்னர்க் கைத்தறி நலிந்தது. அவ்வகைகளிற் பெரும்பாலானவையும் அதனோடு மறைந்தன. காப்பவனுடைய பிழைப்புப் போனால் காக்கப்பட்டதும் போகும் என்பது இதன் படிப்பினை. 1844ஆம் ஆண்டில் ராச்டேலில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் கடை திறந்தபோது, கலப்படமற்ற சரக்கும் சரியான எடையுமே அவர்கள் உறுதிமொழி. விதையிலும் நாம் கேட்பது அதுவே.

இன்னும் ஒரு தொடர்பு. முளைப்புத் திறனைச் சோதிக்க நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் எத்தனை முளைத்தன என்று எண்ண வேண்டும். விதையைச் சேமிக்கக் காற்றோட்டமுள்ள பருத்திப் பை வேண்டும். இவ்விரண்டுக்கும் நெசவாளர் சங்கத்துத் துண்டுத் துணி போதும். பையின் மேல் வகையின் பெயர், எடுத்த ஆண்டு, நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்பன எழுதப்பட்டிருந்தால், அச்சிட்ட வண்ணப் படத்தைவிட அது நம்பத் தக்கது.

சில ஆட்சேபங்கள் எழும். 'சட்டம் இடம் கொடுக்குமா?' என்பர். 2001ஆம் ஆண்டுப் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை அளித்துள்ளது. பாதுகாப்புப் பெற்ற வகையின் விதையை வாணிபப் பெயரிட்ட பொட்டலத்தில் விற்பது மட்டுமே விலக்கு. 'பெரிய பூவுக்கல்லவா கிராக்கி?' என்பர். காட்சிக்குப் பெரிய பூ வேண்டுமாயின் அதனையும் ஒரு பாத்தியில் வளர்க்கலாம். ஆனால் மணத்தை விலை பேசிவிட்டு மணமற்றதைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு வாங்குவார் இரார். 'இத்தனை சிறு தொகைக்கு இத்தனை ஏற்பாடா?' என்பர். சிறு தொகையாக இருப்பதே இதன் சிறப்பு. இதில் தவறினால் எவர் வீட்டிலும் உலை கொதிக்காமற் போகாது. இதிற் பழகிய கையால் நாளை உண்ணும் பட்டாணிக்கும் பீன்சுக்கும் இதே முறையில் விதை காக்கலாம். அவையும் பெரும்பாலும் தம்முள்ளேயே கருவுறுபவை.

நான் பேரேட்டை மூடிவிட்டுப் புறப்படும்போது அந்தப் பெரியவர் தம் கொடியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளிக் கொடுத்தார். அழகாக இருந்தது, மணம் இல்லை. அவர் வெட்கத்தோடு சிரித்தார். வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர். வரவும் பற்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையொப்பம் இடும் என் போன்றோரும், தீர்மானம் இயற்றும் பஞ்சாயத்தாரும், மகாசபையில் கூடும் அங்கத்தினர் அனைவரும், விதையை இதுகாறும் ஒரு செலவாக மட்டுமே எண்ணி வந்தோம்.

அடுத்த மகாசபையில் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதியுங்கள். பன்னிரண்டு கொடிகளுக்கு நூல் கட்டுங்கள். அக்கொடிகளின் பூவைப் பறிக்காமல் விடுவதற்கு உரிய கிரயத்தைச் சங்கம் மனமுவந்து கொடுக்கட்டும். அவ்வாறு செய்தால், 'பூ விதை வாங்கிய வகையில்' என்னும் பற்று இனத்துக்குப் பதிலாக, 'விதை இருப்பு' என்னும் வரவு இனத்தை அடுத்த தணிக்கையில் நான் காண்பேன். அக்கணக்கில் கையொப்பமிடுவது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும்.